நாடெவிடெயா?

எழுபதுகளின் தொடக்கத்தில் கேரளத்துப் பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த புதிதில், டீக்கடையில் ஒருவர் என்னிடம் "நாடெவிடெயா?" என்றார். இதென்ன கேள்வி என்று நினைத்து, "இந்தியா" என்றேன். கடையே சிரித்தது. மலையாளத்தில் நாடு என்றால் சொந்த ஊராம்; ஊர் எங்கே என்று கேட்டிருக்கிறார். ஊரிலிருக்கும் நீங்களும் சிரிப்பீர்கள். பிழைக்க வந்தவனுக்குத் தினம் ஒரு சறுக்கல். அதனால்தான் குடை வாங்க, தமிழ் பேசுகிற அண்ணாச்சியின் கடையைத் தேடிப் போனேன்.

குடை என் மனைவிக்கு. மூன்று மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலிருந்து எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு நடக்க வேண்டும். "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார் அண்ணாச்சி. சங்கரன்கோவில் பக்கம் என்றதும் எழுந்தே விட்டார். "அட, நம்ம ஊரு ஆளா! ஒங்களுக்கு மோசமான சாமானக் குடுப்பேனா?" விரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிவந்தேன். நம் ஊரில் குடை என்றால் வெயிலுக்கு. இங்கே பாதி வருஷம் மழை. முதல் மழையிலேயே துணி வழியாகத் தண்ணீர் இறங்கி, பிள்ளை தொப்பலாக நனைந்தது. இரண்டு நாள் காய்ச்சல், பால் குடிக்கவில்லை. "ஊர்க்காரர் கடைன்னு பெருமையாச் சொன்னீகளே" என்றாள்.

குடையோடு மறுபடி போனேன். கடையில் மலையாளிகள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அண்ணாச்சி முன்பின் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்து, "எந்தா வேண்டது?" என்றார். என்ன வேண்டும் என்று என்னிடம், மலையாளத்தில்! "குடை ஒழுகுது அண்ணாச்சி, பிள்ளைக்குக் காய்ச்சல்" என்றேன். அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பி, பாண்டிகளுக்குக் குடை பிடிக்கத் தெரியாது என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார். பாண்டி என்பது தமிழனை இளக்காரமாகச் சொல்லும் சொல். அதை யார் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஊர்க்காரர் வாயில் கேட்பது அதுதான் முதல் தடவை.

உப்பு வாங்க நின்ற ஒரு மலையாளத்துச் சேச்சி மட்டும் சிரிக்கவில்லை. குடையை வாங்கி விரித்து, கூரைத் தண்ணீருக்கடியில் பிடித்தார். உள்ளே சொட்டியது. "இது வெயிலினுள்ள குடயாணு. மாற்றிக் கொடுக்கணம்" என்று அதட்டினார். அண்ணாச்சி உள்ளே போய்க் கனத்த கறுப்புக் குடையொன்றைக் கொண்டுவந்தார். என் கையில் கொடுக்கும்போது குரல் தணிந்து, தமிழும் திரும்பியிருந்தது. "ஊர்க்காரன நாலு பேரு முன்னால இப்படித் தலைகுனிய வைக்கலாமா தம்பி?"

வாசலில் நின்று குடையை விரித்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. அவரை அண்ணாச்சி என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

மலையாளிகள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, "சேட்டா, நாடெவிடெயா?" என்று கேட்டேன்.

பதிலுக்கு நிற்காமல் மழையில் இறங்கி நடந்தேன். நான் பிசகாமல் பேசிய முதல் மலையாளம் அதுதான்; அதையும் என் ஊர்க்காரரிடம்தான் பேசினேன்.