காது வரை உயராத கை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், புதுச்சேரியில் நடந்தது. பெரிய மார்க்கெட் பக்கம் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். ஐம்பது வயது வரை ஒரு ஊசிகூடப் போட்டுக்கொண்டதில்லை என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்ளும் ஆள் நான். அந்த வாய்க்கொழுப்புக்கு விழுந்த அடி இது.

இடது தோளில் வலி ஆரம்பித்தது. கடை ஷட்டரை ஏற்றி இறக்குவதால் வந்த சுளுக்கு என்று நானே முடிவு கட்டினேன். தைலம் தேய்த்தேன். எண்ணெய் போட்டு உருவிவிடச் சொன்னேன். கடைசியில், ஆட்டாமல் வைத்தால் சரியாகிவிடும் என்று கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டேன். வலி கொஞ்சம் அடங்கியது. ஆனால் கை நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போனது. சட்டை போடவே மனைவி உதவ வேண்டியிருந்தது. டாக்டரைப் பார்க்கச் சொல்லி அவள் தினமும் நச்சரித்தாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மதியத் தொழுகைக்குக் கடைக்கு அருகிலுள்ள பள்ளிவாசலுக்குப் போவேன். தொழுகை தொடங்கும்போது இரண்டு கையையும் காது வரை உயர்த்துவோம். என் வலது கை காதுக்குப் போகும், இடது கை மார்போடு நின்றுவிடும். இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்தேன்.

ஒருநாள் தொழுதுவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒருவர் என்னை நிறுத்தினார். காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். பல நாள் என் பக்கத்திலேயே நின்று தொழுதவராம். எனக்கு முகம்கூட நினைவில்லை.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு மாசமா பாக்குறேன், உங்க கை ஏறவே இல்ல. சுகர் பாத்தீங்களா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தோள் வலிக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று முகத்தில் அடித்த மாதிரி கேட்டேன்.  அவர் படியில் உட்கார்ந்து இடது கால் சாக்ஸை மெதுவாகக் கழற்றினார். அந்தக் காலில் இரண்டு விரல்கள் இல்லை.

"எனக்கும் தோள்லதான் ஆரம்பிச்சுது. நானும் தைலந்தான் தேச்சேன். சுகர்னு தெரியறதுக்குள்ள கால்ல புண்ணு வந்து அழுகிப்போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.  என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் காலையில் அவரே ஆட்டோவோடு வந்து என்னையும் மனைவியையும் கதிர்காமம் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டரம்மா என் கையைத் தானே தூக்கிப் பார்த்தார். அப்போதும் அது ஏறவில்லை. தசைநார் கிழிந்திருந்தால் அடுத்தவர் தூக்கும்போதாவது கை பெரும்பாலும் மேலே போகும், இது மூட்டைச் சுற்றியுள்ள உறையே இறுகிப்போன தோள் என்றார். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வருமாம். கட்டித் தொங்கவிட்டது இறுக்கத்தைக் கூட்டிவிட்டதாம். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தவர், இத்தனை சர்க்கரையோடு எப்படி நடமாடினீர்கள் என்று கேட்டார். இறுக்கத்தைத் தளர்த்தத் தோளில் போடும் ஊசியைக்கூட உடனே போட முடியவில்லை; அது சர்க்கரையை இன்னும் ஏற்றிவிடுமாம். கண்ணைச் சோதித்தபோது அங்கேயும் பாதிப்பு தொடங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற மனைவி அழுதுவிட்டாள். 

மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் முதலில். சர்க்கரை இறங்கிய பிறகு ஊசி. அப்புறம் தினமும் சுவரில் விரல்களை நகர்த்தி நகர்த்திக் கையை மேலே கொண்டுபோகும் பயிற்சி. கண்ணில் நீர் வரும், ஆனாலும் விடவில்லை. கை முழுதாக உயர ஒரு வருஷம் ஆனது. கண் தப்பித்தது.

இப்போதும் பல நாள் அவர் பக்கத்தில்தான் நிற்கிறேன். ஊருக்குத் தெரியாமல் சாக்ஸுக்குள் மறைத்து வைத்திருந்த காலை, தன்னிடம் எரிந்து விழுந்த ஒருவனுக்காக அவர் பகல் வெளிச்சத்தில் திறந்து காட்டினார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் காட்டியிருப்பேனா என்று கேட்டுப் பார்க்கிறேன், மாட்டேன் என்றுதான் மனசு சொல்கிறது.