பிடுங்காத டாக்டரும் நடு மரமும்

என் வீட்டுக்காரர் பல் டாக்டர். தொழிலுக்கு வந்து முப்பத்தைந்து வருஷமாகிறது, இதுவரை ஒரே ஒரு பல்லைத்தான் பிடுங்கியிருக்கிறார். அதுவும் தப்பான பல். சொத்தைப் பல் இருந்த இடத்திலேயே இருக்க, பக்கத்தில் சிவனே என்று இருந்த நல்ல பல் கையோடு வந்துவிட்டது. அந்த லாரி டிரைவர் வாயெல்லாம் ரத்தமாக எழுந்து, "பரவால்ல டாக்டர், நீங்க புதுசுதானே" என்று இவருக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாராம். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது இந்த மனுஷன் தேறியிருப்பார். அன்றைக்குக் கீழே வைத்த குறடுதான், இன்னும் எடுக்கவில்லை.

அதற்கப்புறம் இவருக்குப் பெயரே 'பிடுங்காத டாக்டர்' என்றாகிவிட்டது. அடைப்பார், சுரண்டுவார், வேர்வரைக்கும் போய்ச் சுத்தம் செய்வார், ஆடுகிற பல்லைக் கம்பி போட்டுப் பக்கத்துப் பற்களோடு கட்டிவைப்பார். பிடுங்க மட்டும் மாட்டார். வேறு வழியே இல்லையென்றால் அடுத்த தெரு டாக்டரிடம் அனுப்புவார். அனுப்பினால் போதாதா? கூடவே போய் அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். திரும்பி வந்து, யாரோ போய்விட்ட மாதிரி, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பல்லுதானேங்க?"

"போனா வராதுடி."

இது க்ளினிக்கோடு நின்றிருந்தால் எனக்கென்ன போச்சு என்று இருந்திருப்பேன். நிற்கவில்லை. எங்கள் வீடு சின்னது. முன்னறை க்ளினிக், பின்னால் சமையலறை, பக்கவாட்டில் ஒரே ஒரு படுக்கையறை. அந்தப் படுக்கையறைச் சுவரை ஒட்டி வரிசையாக மூன்று தூங்குமூஞ்சி மரங்கள். நாங்கள் வீடு வாங்கும்போதே அவை கிழம். ஓரத்து இரண்டும் திடமாகத்தான் இருந்தன. நடு மரத்துக்குத்தான் கேடு வந்தது. அடியில் பொந்து விழுந்தது. தட்டுத் தட்டாகக் காளான் முளைத்தது. உச்சிக் கிளைகள் காய்ந்தன. மொத்த மரமும் எங்கள் படுக்கையறைக் கூரைப் பக்கம் சாயத் தொடங்கியது.

"வெட்டிடலாங்க" என்றேன்.

"பாக்கலாம்" என்றார்.

பார்க்கத்தான் செய்தார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வாய்க்குள் விடுகிற குட்டிக் கண்ணாடியைப் பொந்துக்குள் விட்டுப் பார்த்தார். காளானைத் தொட்டு, "ஈறு கொஞ்சம் வீங்கியிருக்கு" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதைச் சுரண்டினார். அடுத்த வாரம் சிமெண்ட் மூட்டை வந்து இறங்கியது. பொந்தைக் குடைந்து, கழுவி, ஃபேன் வைத்துக் காயவைத்து, அடைத்து, மேலே வழவழவென்று தேய்த்தும் விட்டார். கையைக் கழுவிக்கொண்டே, "கொஞ்ச நேரத்துக்கு அந்தப் பக்கம் எதுவும் படாம பாத்துக்கோ" என்றார். அந்த நேரம் பார்த்துக் கிளையில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. என்னைத்தான் விரட்டச் சொன்னார். கட்டிக்கொண்ட பாவத்துக்கு நானும் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அதற்கும் சாய்வு நிற்கவில்லை என்றதும் கம்பி. தடிமனாக இரும்புக் கம்பி வாங்கி, நடு மரத்தை இரண்டு பக்கத்து மரங்களோடும் இழுத்துக் கட்டினார். "நல்லது ரெண்டும் சேர்ந்து ஆடறதைத் தாங்கிக்கும்" என்று எனக்கு விளக்கம் வேறு. தாங்கவாவது! ஒரு மழைக்காலம் போவதற்குள் நல்ல மரங்களும் நடு மரத்தோடு சேர்ந்து சாய ஆரம்பித்தன. எதிர் வீட்டுத் தையல்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னக்கா, மூணும் தோள்ல கை போட்டுக்கிட்டு உங்க வீட்டுக்குள்ள வருது, சாப்பிடச் சொல்லியிருக்கீங்களா?" என்றார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், இவர் க்ளினிக்கில் வேலையாக இருந்த நேரம் பார்த்து, நானே மரம் வெட்டுகிறவரைக் கூப்பிட்டுவிட்டேன். ரம்பச் சத்தம் கேட்டதும் ஒரு அம்மாளை வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு இவர் ஓடி வந்தார். சண்டை போடுவார் என்று பார்த்தேன். அந்த ஆளின் வாயையே உற்றுப் பார்த்தார். "வலி இருக்குமே, எப்படிப்பா பொறுத்துக்கறே?" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார். இரண்டு சொத்தையை அடைத்துவிட்டார், காசு வாங்கவில்லை. வெளியே வந்த மரம் வெட்டுகிறவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "அம்மா, இனிமே டாக்டர் சொன்னாத்தான் நான் கை வைப்பேன்" என்று ரம்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை.

தினமும் காலையில் இவருக்கு முதல் வேலை, மரத்தடிக்குப் போய் இரண்டு விரலை வைத்து அழுத்திப் பார்ப்பது. நோயாளியின் பல்லை ஆட்டிப் பார்ப்பது போலவேதான், கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

"என்ன, ஆடுதா?" என்று சமையலறை ஜன்னலிலிருந்து கேட்பேன்.

"ஆடல" என்பார்.

எங்கள் மகளுக்குக் குழந்தை பிறந்தபிறகுதான் இந்தக் கூத்து எனக்கு நிஜமாகவே வலித்தது. பேரன். ஆஸ்பத்திரியில் ஒருமுறை தூக்கினேன், அவ்வளவுதான். கொஞ்ச நாள் இங்கே வந்து இரு என்று ஃபோனில் கெஞ்சினேன்.

"எங்கேம்மா அவனைப் படுக்க வைப்பேன்? அந்த மரத்துக்கு அடியிலயா? மரம் போகட்டும், மறுநாளே வர்றேன்."

தப்பென்று சொல்ல வாய் வருமா? அவன் சிரிக்கப் பழகியதையும் குப்புற விழுந்ததையும் ஃபோனில்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு அழுவேன். அழுதுவிட்டு இவர்மேல் பாய்வேன்.

"உங்களுக்கு மரம் வேணுமா, பேரன் வேணுமா?"

"ரெண்டும்தான்."

"மரம் ஆடுதுங்க!"

"ஆடல. நான்தான் தினமும் பாக்கறேனே."

ஆட்டிப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிற ஆளிடம், ஆடுகிறது என்று நான் எதைக் காட்டி வாதாடுவது? தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

மகள் பிடிவாதத்தில் என்னைத் தூக்கிச் சாப்பிடுவாள். ஒரு லீவு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். படுக்கையறைப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. நோயாளிகள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்து, "சாயங்காலம் கிளம்பிடுவேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிட்டு, குழந்தையை அப்பா கையில் கொடுத்தாள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. "வாடா ராஜா, தாத்தாவோட மரத்தைக் காட்டறேன்" என்று அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

"அப்பா!" என்று மகள் பதறி எழுந்து ஓடினாள், நானும் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் அவரே நின்றுவிட்டிருந்தார். நிழல் ஆரம்பிக்கிற இடம். இன்னொரு அடி எடுத்து வைத்தால் மரத்தடி. வைக்கவில்லை.

"போங்களேன்" என்றேன். "அதுதான் ஆடலயே? போய் விரலை வெச்சுக் காட்டுங்க உங்க பேரனுக்கு."

குழந்தை அவர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். மெல்லப் பின்னால் வந்து அவனை மகளிடம் கொடுத்தார். தனியாகப் போய் மரத்தில் இரண்டு விரலை வைத்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

"ஆடுது" என்றார். "அந்த ஆளை வரச் சொல்லு."

மரம் போன மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் மகள் கிளம்பினாள்.

மரம் வெட்டுகிறவர் கயிறும் ரம்பமுமாக இரண்டு ஆட்களோடு வந்தார். முதலில் கம்பியை அவிழ்த்துவிட்டு, ஓரத்து மரங்கள் பிழைத்துக்கொள்ளும் என்றார். ரம்பத்தைக் கையில் எடுத்தபோது இவர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கையில் தட்டு, தட்டில் ஊசி.

"ஒரு நிமிஷம்பா. ஊசி போட்டுடறேன்."

"யாருக்கு டாக்டர்?" என்று மரம் வெட்டுகிறவர் இரண்டடி தள்ளிப் போனார்.

மரத்துக்குத்தான். பட்டையில் குத்தினால் ஊசி வளைந்தது. உள்ளே போய், சுவரில் ஓட்டை போடுகிற மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். மரத்தைச் சுற்றித் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் மருந்தை இறக்கி, பஞ்சு வைத்து அமுக்கினார்.

"மரத்துப் போகப் பத்து நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் தொடக் கூடாது."

மரம் வெட்டுகிறவர் என்னைப் பார்த்தார். விடுங்கள் என்று கண்ணைக் காட்டினேன். அவர் ரம்பத்தைத் தரையில் வைத்துவிட்டு, பொழுது போகவேண்டுமே என்று பேச்சுக் கொடுத்தார்.

"எவ்வளவு நாளா டாக்டர் ஆடுது?"

"மூணு வருஷமா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். என் காதில் விழுந்துவிட்டது.

"மூணு வருஷமாவா? விடிஞ்சா ஆடல, ஆடலன்னு எனக்கே காது குத்தினீங்களா? பேரன்னதும் கால் தானா நின்னுது. இத்தனை நாளா அதுக்கு அடியில படுத்துத் தூங்கினேனே, நான் என்ன தலைகாணியா?"

வந்த ஆட்கள் மூவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"நானும்தான படுத்திருந்தேன்" என்று இவர் முணுமுணுத்தார். "ஜன்னல் பக்கம்."

"அதனால?"

"விழுந்தா முதல்ல என்மேலதான விழும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஜன்னல் பக்கம் என்னுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால், புழுங்குகிறது, எனக்குக் காற்று வேண்டும் என்று சண்டை போட்டு இவர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். இப்படியும் ஒரு சுயநலமா என்று நான் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"உங்கமேல விழுந்துட்டு அப்படியே நின்னுடுமாக்கும்? நீங்க என்ன தூணா? ஊதினாப் பறந்துடுவீங்க!" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால் கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

மரம் வெட்டுகிறவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, "ஆரம்பிக்கலாங்களாம்மா?" என்றார்.

"இன்னும் மூணு நிமிஷம் இருக்கு" என்றார் இவர், வாட்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேறு நாளாக இருந்தால் ரம்பத்தை நானே தூக்கியிருப்பேன்.

"இருங்கப்பா, முழுசா மரத்துப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, போய் இவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.