வண்டிகளுக்கு நடுவே ஒரு முழம்

இது நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. சந்தேகம் உள்ளவர்கள் ஜனவரியில் எங்கள் வடக்கு டகோட்டாவுக்கு வந்து, என் கொட்டகையில் ஒரே ஒரு மாலை நின்று பாருங்கள். பிறகு பேசலாம்.

அன்று பனிப்புயல். சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் கும்மிருட்டு, கரண்டும் போய்விட்டது. என் கணவர் டோர்கருக்கு நுரையீரல் கெட்டு மூன்று வருடம் ஆகிறது. கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின்தான் அவருக்கு மூச்சு. கைவசம் இருந்த சிலிண்டர் ஒன்றரை மணி நேரம் தாங்கும். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். "ரோடே தெரியலம்மா, விடிஞ்சாதான் வர முடியும்" என்றார்கள். ஜெனரேட்டர் இருக்கிறது. ஆனால் அதைச் சுற்ற டிராக்டர் ஓட வேண்டும். அறுபதுகளில் வாங்கிய டீசல் டிராக்டர். அறுவடைக்குப் பிறகு யாரும் தொடவில்லை.

"பேட்டரி செத்திருக்கும், சோல்வே" என்றார் டோர்கர்.

"செத்ததை எழுப்பத்தான் போறேன். நீ வாயை மூடிக்கிட்டு மூச்சை விடு."

"வாயை மூடவா, மூச்சு விடவா? ரெண்டுல ஒண்ணு சொல்லுடி."

சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அந்த டிராக்டருக்கு இரண்டு பேட்டரி. இரண்டும் சேர்ந்து இருபத்துநாலு வோல்ட் கொடுத்தால்தான் இன்ஜின் சுற்றும். என் பிக்கப் வண்டியில் இருப்பதோ பன்னிரண்டு. அதனால் ஒவ்வொரு பேட்டரியாகத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். பிக்கப் பேட்டரியிலிருந்து இழுத்த கேபிளின் சிவப்பு கிளிப் சிவப்பு முனையில், கறுப்பு கறுப்பில். மற்ற வண்டிகளில் எல்லோரும் செய்வதுபோலக் கறுப்பைப் பாடி இரும்பில் மாட்டினால் கதை முடிந்தது. காரணம், இந்த டிராக்டரில் இடது பேட்டரியின் சிவப்பு முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கிறது; என் பிக்கப்பிலோ கறுப்பு முனை. இடது பக்கம் ஏற்றும்போது இரண்டு வண்டிகளின் இரும்பும் ஒன்றையொன்று தொடவே கூடாது. தொட்டால் பேட்டரி வெடித்துவிடும்.

வலது பேட்டரி பிரச்சினையில்லாமல் ஏறியது. இடது பக்கம் மாட்டினேன். பிக்கப் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வண்டிகளுக்கும் நடுவே ஒரு முழம் விட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்திருந்தேன்.

"கறுப்பைப் பாடியில மாட்டு, சோல்வே."

திரும்பினேன். கொட்டகை வாசலில் பக்கத்துப் பண்ணை ஆல்வின் பிரெக்கி. தொப்பி மூக்குவரை இறங்கியிருந்தது. நான் ஆச்சரியப்படவில்லை. எங்கள் பக்கம் புயல் என்றால் கூப்பிடாமலே உதவிக்கு வந்து நிற்போம்.

"வாங்க ஆல்வின். உங்ககிட்டயும் இதே டிராக்டர்தானே? பாடியில மாட்டக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியாதா?"

"கறுப்பைப் பாடியில மாட்டு, சோல்வே."

அதே குரல். அதே வேகம்.

கொல்லும் குளிர். நான் விட்ட மூச்சு புகையாக மிதந்தது. அவர் பேசினார்... ஆனால் வாயிலிருந்து புகை வரவில்லை.

பூட்ஸில் பனியும் ஒட்டவில்லை.

மணி ஐந்து ஐம்பது. வண்டிகளைப் பார்த்தேன். ஒரு முழம்... ஒரு சாண் ஆகியிருந்தது.

ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே இருந்தது. விறகுக் கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்து, உதைத்து இறுக்கினேன்.

கிர்ர்ர்ர்...

கட்டையையும் தள்ளிக்கொண்டு வண்டி நகர்ந்தது.

நாலு விரல்.

கிளிப்பைப் பிடுங்கிவிட்டால் நான் தப்பிக்கலாம். ஆனால் பேட்டரி இன்னும் ஏறவில்லை. உள்ளே சிலிண்டர் காலியாகிக்கொண்டிருக்கிறது. முடியாது. பிடுங்க மாட்டேன்.

டிராக்டரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரும்புக்கும் பம்பருக்கும்தான் அந்த நாலு விரல்; டயர் உள்ளே தள்ளி இருந்தது. அந்தப் பெரிய ரப்பர் டயரில் முதுகைச் சாய்த்தேன். இரண்டு காலையும் பிக்கப்பின் பம்பரில் ஊன்றினேன். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"நீ எவனா இருந்தா எனக்கென்னடா! என் புருஷன் மூச்சுல கை வைக்கிறியா? தள்ளு பார்க்கலாம்! நானும் தள்ளுறேன்!"

பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

கிர்ர்...

மூன்று விரல்.

"தள்ளுடா!"

இரண்டு...

நின்றது.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேனோ. கால் மரத்துப் போனபின் எழுந்து கிளிப்புகளைக் கழற்றினேன். டிராக்டரில் ஏறிச் சாவியைத் திருப்பினேன்.

டுர்... டுர்... டுர்...

பிடித்துக்கொண்டது! ஜெனரேட்டர் சுற்றியது. வீட்டில் விளக்கு எரிந்தது.

வாசலில் யாரும் இல்லை.

உள்ளே ஓடினேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டோர்கர் கண் திறந்தார்.

"யாரைடி அப்படித் திட்டினே? இங்க வரைக்கும் கேட்டுச்சு."

"ஆல்வினை."

"அவனுக்கு வேணும்" என்றார்.

மூன்றாம் நாள் ரோடு திறந்ததும் ஷெரிஃப் ஆபீஸ் ஆள் ஒருவர் வந்தார். ஆல்வின் தன் கொட்டகையில் இறந்து கிடக்கிறார் என்றார். புயல் தொடங்கிய அன்று மத்தியானமே உயிர் போய்விட்டதாம். டிராக்டருக்குச் சார்ஜ் ஏற்றும்போது பேட்டரி வெடித்திருக்கிறது. முகமே இல்லையாம்.

அன்றிலிருந்து அந்த டிராக்டரை விற்றுவிடச் சொல்லி ஊரே புத்தி சொல்கிறது. விற்க மாட்டேன். டோர்கர் மூச்சு விடுகிற வரைக்கும் அது என் கொட்டகையில்தான் நிற்கும். வருகிறவன் வரட்டும்.

ஒன்றை மட்டும்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. ஷெரிஃப் ஆள் காபியைக் குடித்து முடித்துவிட்டு, குழப்பத்தோடு சொன்னது அது.

"எதுக்கு அப்படி உட்கார்ந்திருந்தாருன்னே புரியலம்மா. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கு. அப்படியும் வண்டி நகர்ந்து டிராக்டரை முட்டியிருக்கு. அவரு முதுகு டிராக்டர் டயர்ல சாய்ஞ்சிருக்கு. ரெண்டு காலும் பம்பர்ல ஊன்றினபடியே இருக்கு."