அப்பா பால் காய்ச்சிய வீடு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கிள்ளானில் புதிதாக எழும்பிய ஒரு தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், அப்பா ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டினார்.
2. வங்கியின் பதில் வருமுன்பே அந்த வீட்டில் பால் காய்ச்சினார்.
3. வட்டி ஏறியது. கடன் கிடைக்கவில்லை. வீடு கூடுதல் விலைக்கு வேறொரு குடும்பத்துக்குப் போனது.
4. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் வாடகைக்கு இருந்த பலகை வீடுகளை இடித்தார்கள். கம்போங் மேடான் பக்கம் ஓர் அடுக்குமாடியில், மறுபடியும் வாடகைக்கு, குடியேறினோம்.
5. அப்பா அங்கே காலமானார்.
6. கருமக்கிரியை முடிந்த மறுவாரம், கிள்ளான் வீட்டில் இப்போது குடியிருப்பவர் எங்களைத் தேடி வந்தார்.

ஆறாவதைப் பற்றி உறவினர்களிடையே பலவிதமான பேச்சு இருக்கிறது. அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவாக இம்மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களுக்கு, நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுவது நல்லது என்று அம்மாவும் அண்ணனும் கருதினார்கள். நான் நில அளவை அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைபவள். பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

அப்பா காப்பாரை ஒட்டிய ஒரு தோட்டத்தில் பிறந்தார். தாத்தாவுக்கு உடம்பு முடியாமல் வேலை நின்றபோது, தோட்ட நிர்வாகம் கொடுத்திருந்த லயத்து வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். தாத்தாவின் உடல் அடுத்த வீட்டுக்காரர் வாசலிலிருந்துதான் புறப்பட்டது. அப்பா அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. "என்னைய நம்ம சொந்த வாசல்லேருந்து தூக்குங்க, அது போதும்" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அதுவும் கல்யாணமான புதிதில்.

பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து பேருந்துப் பட்டறையில் கையாளாகச் சேர்ந்து மெக்கானிக்காக உயர்ந்தார். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் உள்ளங்கையில் கிரீஸ் கறை போகாது. குடிக்கமாட்டார். யாரையும் அதட்டமாட்டார். தெருவில் யார் வீட்டு மாற்றம் என்றாலும் அலமாரியின் கனமான முனையை அப்பாதான் பிடித்திருப்பார். எண்பதுகளின் தொடக்கத்தில், சேமிப்பு முழுவதையும் எடுத்து அந்தக் கிள்ளான் வீட்டுக்கு முன்பணம் கட்டினார்.

வீட்டைச் சுற்றிப் பார்க்க வீடமைப்பாளரின் ஆள் சாவியைக் கொடுத்தார். அன்று நல்ல நாள் என்று அப்பா முன்பே பார்த்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டு மணியம் அங்கிளின் வேனில் அடுப்பு, புதுப்பானை, பால், குத்துவிளக்கு எல்லாம் ஏறிவிட்டன. நான் அப்போது ஆரம்பப்பள்ளி மாணவி.

"லோன் லெட்டர் வரட்டும் லா அண்ணே. இன்னும் உங்க வீடே இல்ல, அதுக்குள்ள பாலா?" என்றார் அங்கிள்.

"பேங்க்குக்காரன் வர்ற வரைக்கும் நல்ல நேரம் நிக்குமா மணியம்? நீ வண்டிய ஓட்டு."

"பால் பொங்கிருச்சுன்னா அப்புறம் வீடு உங்கள விடாது. பாத்துக்குங்க."

"விடாட்டி நல்லதுதானே!" என்று அப்பா சிரித்தார்.

பால் நன்றாகப் பொங்கியது. அப்பா ஒவ்வோர் அறையாகப் போய் நின்றார். நுழைவாசலுக்கு வலப்புறச் சுவரில் இருந்த விளக்கு சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார். மின்சாரம் இன்னும் இணைக்கப்படவில்லை. புறப்படும்போது கதவின் நிலையைத் தொட்டு, "போயிட்டு வரேன்" என்றார். ஆளிடம் சொல்வது போலத்தான் சொன்னார்.

அதன்பின் வட்டி ஏறியது. வங்கி அலுவலர் நல்ல மனிதர்தான். "மாசக் கட்டு உங்க சம்பளத்துக்குத் தாங்காது அங்கிள். வயசும் இடிக்குது" என்றார். முன்பணத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது. அப்பா சளைக்கவில்லை. ஞாயிறுதோறும் வீடு பார்க்கப் போனார். காப்பார் பக்கம் பார்த்தார். ரவாங் வரை போனார். ஒரு விலைக்கு என்று சேர்ப்பார். சேர்ந்து முடிக்கும்போது விலை வேறோர் இடத்தில் நிற்கும். சில ஆண்டுகளில் போவதையும் நிறுத்திவிட்டார். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் உறங்கத் தொடங்கினார்.

அந்த உறக்கம் கனமானது. அந்தி சாயும்வரை கூப்பிட்டாலும் எழமாட்டார். எழுந்ததும் வாசலுக்கு வலப்புறம் கையை நீட்டி வெறும் பலகையைத் தடவுவார்.

"என்னப்பா தேடுறீங்க?"

"சுவிட்ச்."

"நம்ம சுவிட்ச் இந்தப் பக்கம்பா."

"ஆமாம்ல. கை பழகிப்போச்சு."

ஒரேயொரு முறை போன வீட்டுக்குக் கை எப்படிப் பழகும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஒரு மழைக்காலத்தில் எழுந்தவர், "பின்கதவு ஊறிப்போயிருக்கு, தாழ்ப்பா விழமாட்டேங்குது" என்றார். எங்கள் பின்கதவு தகரம். கனவு என்று அம்மா காப்பி கொடுத்தார்.

தொண்ணூறுகளில் பலகை வீடுகளை இடித்து உயரக் கட்டடம் எழுப்பினார்கள். அடுக்குமாடிக்கு வந்தபின் அப்பாவுக்கு இதயம் பலவீனமானது. ஒரு ஞாயிறு மதியம் உறங்கியவர் எழவில்லை. மின்தூக்கியில் பெட்டி நுழையாததால் படிக்கட்டு வழியாக இறக்கினோம். அவர் கேட்ட ஒன்றை எங்களால் செய்ய முடியவில்லை.

கிள்ளானிலிருந்து வந்தவர் ஸ்டெல்லா அக்கா. நாளிதழில் நாங்கள் கொடுத்த மரண அறிவிப்பை மடித்துக் கையில் வைத்திருந்தார். தம் தாமானையும் வீட்டு எண்ணையும் சொன்னார். அப்பா பால் காய்ச்சிய அதே வீடு.

"இவரு எங்க வீட்டுக்கு வர்றவரு" என்றார் ஸ்டெல்லா அக்கா, படத்தைக் காட்டி.

"அப்புறம் அப்பா அங்க போனதே இல்லக்கா. சாவியைத் திருப்பிக் குடுத்ததோட சரி."

"நான் பாத்திருக்கேன் மா. எங்க பிள்ளைங்களும் பாத்திருக்காங்க. ஞாயித்துக்கெழம மத்தியானம் ஹால்ல நிப்பாரு. லைட்ட போட்டு அணைப்பாரு. ஒருவாட்டி பின்கதவு தாழ்ப்பாள நெம்பிக்கிட்டு இருந்தாரு, மழைல ஊறிப்போச்சு அது. யாரோ செத்தவருன்னு நெனச்சு இத்தன வருஷமா மெழுகுவத்தி ஏத்தி ஜெபம் பண்றேன். பேப்பர பாத்தா, போன மாசம் வரைக்கும் உசிரோட இருந்திருக்காரு!"

ஸ்டெல்லா அக்கா தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"பயமில்ல. நல்ல மனுசன்னு தெரியும். முன்னெல்லாம் அந்தி சாஞ்சா போயிடுவாரு. இப்ப போகமாட்டேங்கிறாரு மா. அதான் வந்தேன். நீங்க வந்து கூப்பிட்டுப் பாருங்க."

அடுத்த ஞாயிறு அம்மா, அண்ணன், நான் மூவரும் அண்ணனின் காரில் போனோம். வெயில் இருந்தது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் சுவிட்சைச் சுற்றி ஒரு கறுப்புக் கறை, உள்ளங்கை அகலத்தில் இருந்தது. "எத்தன தடவ சாயம் அடிச்சாலும் வந்துருது" என்றார் ஸ்டெல்லா அக்கா. அம்மா அதை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். பிறகு விரலைச் சேலையில் துடைக்காமல் அப்படியே மூடிக்கொண்டார். அது என்ன கறை என்று என்னால் சொல்ல முடியாது.

அம்மா கூடத்தின் நடுவில் நின்றார். "ஏங்க, வாங்க. வீட்டுக்குப் போவோம்" என்றார்.

ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் சைக்கிள் மணி அடித்தது. அம்மா என்னைப் பார்த்து, "எந்த வீட்டுக்குன்னு கேக்குறாரு. சொல்லு" என்றார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் அடுக்குமாடியின் பெயர், மாடி, கதவு எண், எல்லாம் சத்தமாகச் சொன்னேன். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாடகையான்னு கேக்குறாரு" என்றார் அம்மா.

"ஆமாம்பா" என்றேன். "வாடகைதான். நாங்க இருக்கோம்பா, வாங்க."

சமையலறையில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அதை நாங்கள் நால்வரும் கேட்டோம். போய்ப் பார்த்தபோது பின்கதவு திறந்திருந்தது. திரும்பும்போது அம்மா பின்னால் என்னுடன் உட்கார்ந்தார். காரின் முன் இருக்கையைக் காலியாக விட்டோம்.

அப்பாவின் இறுதி நாள்களில் துணை நின்றவர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெட்டியைப் படிகளில் ஒருமுறைகூடத் தட்டாமல் இறக்கிய அடுக்குமாடி அண்டைவீட்டார் (பெரும்பாலும் எங்களை அதுவரை அறியாதவர்கள்), பட்டறை நண்பர்கள், கடைசி வரை வேனோடு வந்த மணியம் அங்கிள், அந்நியர்களான எங்களை வீட்டுக்குள் விட்டு, கதவருகே கைகூப்பி நின்ற ஸ்டெல்லா அக்காவும் குடும்பத்தாரும். அனைவருக்கும் எங்கள் வணக்கம்.

இம்மலர் அச்சுக்குப் போகும்போது நிலைமை இதுதான். ரவாங்கில் ஒரு வீட்டுக்கு அண்ணனும் நானும் சேர்ந்து கடன் கேட்டிருந்தோம். பதில் வருவதற்குள் விலை ஏறிவிட்டது. ஸ்டெல்லா அக்கா மாதம் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிடுகிறார். அங்கே இப்போது யாரும் வருவதில்லை. சுவரும் சுத்தமாக இருக்கிறது. அம்மா ஞாயிறு மதியங்களில் எங்கள் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். அப்பா கிள்ளான் வீட்டில் இல்லை. எங்கள் வீட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை.