லூர்துராணியின் கைக்கு இணங்கிய சக்கரம்

லூர்துராணிக்குச் சனிக்கிழமை என்றால் உயிர். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தித் தொண்டை வற்றியவள், அன்று கார்ச் சாவியைக் கையில் எடுத்ததும் வேறு பெண்ணாகிவிடுவாள். கணவர் கிளமென்ட் அன்றைக்கென்று காரை அவளிடம் விட்டுவிட்டு, டவுன் பஸ்ஸில் ஆபீஸுக்குப் போவார். அவள் தில்லை நகரிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போவாள். அங்கே அவளோடு வேலை பார்த்த அமிர்தம் டீச்சர், பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்து வீட்டோடு கிடந்தாள். அவளை ஏற்றிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சிக்கு விட்டு, திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். பஸ் படி ஏற முடியாத அமிர்தத்துக்கு வெளியுலகம் என்பது அந்த ஒரு நாள்தான்.

கார், கான்டஸா. எண்பத்தேழாம் வருஷம் வாங்கியது. பிள்ளை இல்லாத அந்த வீட்டில் கிளமென்ட் அதைக் குளிப்பாட்டித் துடைத்துப் பொட்டு வைக்காத குறையாக வளர்த்தார். ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். கே.கே. நகரின் வெற்றுச் சாலைகளில், அவள் தப்பும் தவறுமாகக் கியர் போடும்போதெல்லாம் காருக்கு வலிப்பதுபோல் முகத்தைச் சுளிப்பார். திட்ட மட்டும் மாட்டார்.

அந்தக் காருக்கு அலாய் வீலும் அகலமான டயரும் போட வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. பாலக்கரையில் டயர் கடை வைத்திருந்த காஜா மைதீன் பாய், கோயம்புத்தூரிலிருந்து ஒரு செட் வரவழைத்துக் கொடுத்தார். போல்ட் துவாரம் சரியாக உட்காருகிறதா, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பின் சீட்டில் கடைப் பையன்களோடு பாயும் நெருக்கி உட்கார்ந்து, பாரம் ஏறினால் இடிக்கிறதா என்றுகூடப் பார்த்தார்கள். எங்கும் இடிக்கவில்லை. ஓட்டிப் பார்த்தது கிளமென்ட். ஒடித்துப் பார்த்ததும் கிளமென்ட்தான்.

வாசலில் வந்து நின்ற காரைப் பார்த்து லூர்துராணியே அசந்துபோனாள்.

“எப்படி இருக்கு ராணி?”

“மாப்பிள்ளை மாதிரி இருக்குங்க.”

அவர் முகத்தில் அன்றைக்குத் தெரிந்த பூரிப்பை, கல்யாணத்தன்றுகூட அவள் பார்த்ததில்லை.

சனிக்கிழமை சாவியை எடுத்தாள். நேர்ச்சாலையில் கார் வழுக்கிக்கொண்டு போனது. ஸ்ரீரங்கத்தில் அமிர்தத்தை முன் சீட்டில் உட்கார வைத்து, சித்திரை வீதியில் நின்ற இடத்திலிருந்து வண்டியைத் திருப்பும்போதுதான் விஷயம் புரிந்தது. ஸ்டியரிங் அசையவில்லை. அகல டயர் ரோட்டைக் கவ்விக்கொண்டு நின்றது. எப்போதோ மாடிப்படியில் விழுந்து ஒடிந்து சேர்ந்த அவளுடைய இடது மணிக்கட்டு, தீயாக எரிந்தது. கார் வீதிக்குக் குறுக்கே நின்றது. பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கினான்.

“என்ன டீச்சர், வடம் புடிக்க ஆள் வேணுமா?” என்றாள் பூக்காரி. நாலு பேர் சிரித்தார்கள்.

லூர்துராணியின் கண்ணில் நீர் முட்டியது. அப்போது இடப்பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு ஸ்டியரிங்கைப் பற்றியது. அமிர்தத்தின் நல்ல கை, வலது கை.

“அழுவாதடி. நீ தள்ளு, நான் இழுக்கறேன். எனக்கும் எக்ஸர்சைஸ் ஆச்சு.”

இரண்டு பெண்களும் சேர்ந்து அந்தக் காரைத் திருப்பினார்கள்.

வீட்டில் அவள் சொல்லவில்லை. அவருடைய அந்தப் பூரிப்பை எந்த வாயால் அணைப்பது? அடுத்த சனிக்கிழமை தலைவலி என்றாள். அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் வேலை என்றாள். ஸ்ரீரங்கத்தில் ஒருத்தி சேலை மாற்றிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு, சோற்றில் கல்லாகக் கடித்தது.

“என் காரை உனக்குப் பிடிக்கலையா ராணி? கோடு விழுந்தா ஏதாவது சொல்வேன்னு பயமா?”

சாவியை அவளிடம் நீட்டியபடியே கேட்டார் கிளமென்ட். இனி மறைத்தால் இந்த மனுஷன் உடைந்துபோவார் என்று தோன்றியது.

“பிடிக்காம இல்லங்க. என்னால திருப்ப முடியல.” மணிக்கட்டை நீட்டினாள். அது இன்னும் வீங்கியிருந்தது.

கிளமென்ட் சாவியோடு வெளியே போனார். கோபித்துக்கொண்டார் என்று பதறி ஜன்னல் வழியே பார்த்தாள். அவர் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். அது வரவில்லை. அதன் மேலேயே நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை லீவு போட்டார். இருவரும் பாலக்கரைக்குப் போனார்கள்.

“இந்த ரிம்முக்கு ஒல்லி டயர் போட்டா சரியா உக்காராதுங்க சார். மாத்தறதுன்னா ரிம்மோடதான் மாத்தணும்” என்றார் பாய்.

“மாத்துங்க.”

“வேணாங்க. ஆசையா போட்டது. நான் ஆட்டோல போயிக்கறேன்” என்று அவள் கெஞ்சினாள்.

“நீ ஏறி உக்காரு.”

பாய் முன்பக்கத்துக்குக் கொஞ்சம் குறுகலான அலாய் ஜோடி ஒன்றை மாட்டினார். முதலில் போட்டதைப் போலவே பளபளப்பு. கார் நின்ற இடத்திலேயே அவள் ஸ்டியரிங்கைத் திருப்பினாள்.

“வருதுங்க. நல்லா வருது.”

அவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை. பல்லில் அழுந்தியிருந்த அவள் கீழுதட்டைப் பார்த்தார்.

“பாய், அடுத்தது மாட்டுங்க.”

“டீச்சரம்மாதான் வருதுன்னு சொல்றாங்களே சார்.”

“அவ அப்படித்தான் சொல்லுவா. மாட்டுங்க.”

கடைசியில் மாட்டியது காரோடு வந்த கம்பெனி வீலைவிட ஒரு விரல்கூட அகலம் கூடாத, பகட்டு இல்லாத ஒரு ஜோடி. ஸ்டியரிங் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை ஓடியது. அவளை அறியாமல் ஒரு சிரிப்பு வந்தது.

“இதுதான் பாய். நாலையும் இதையே போட்டுடுங்க.”

“வீலைத் திரும்பிக்கூடப் பாக்கலியே சார் நீங்க?”

“பாத்துட்டேன் பாய்” என்றார் கிளமென்ட். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலும் மாட்டி முடிந்ததும், மனைவியின் பக்கம் குனிந்தார். “மணியாச்சு, கிளம்பு. அமிர்தம் காத்துக்கிட்டிருப்பாங்க. நான் பஸ்ல வந்துக்கறேன்.”