ஹெட்லைட்டில் ஒட்டிய கறுப்பு வட்டம்

பினாங்குக்கு வந்த புதிதில், எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரர்களைப் பார்த்துக் கைவிரல்களைக் குவித்துக் குவித்து விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். இங்கே பட்டப்பகலிலும் எல்லா மோட்டார் சைக்கிளிலும் ஹெட்லைட் எரியும். விருதுநகர்ப் பக்கம் அந்தக் காலத்தில் பகலில் யார் வண்டியிலாவது விளக்கு எரிந்தால் எதிரே வருகிறவர் இப்படி விரல் காட்டுவார். நாம் அணைத்துவிட்டுத் தலையாட்டுவோம். அந்தத் தர்மத்தை இங்கேயும் தொடர்ந்தேன். சிலர் பதிலுக்குக் கையசைத்தார்கள். ஜெலுத்தோங் சந்திப்பில் ஒருவர் சிவப்பு விளக்குக்கு என் பக்கத்தில் வந்து நின்று, "ஆப்பா ஹால்?" என்றார். என்ன விஷயம் என்று மலாயில் கேட்கிறார் என்பதுகூட எனக்குத் தெரியாது. அவருடைய விளக்கைச் சுட்டிக்காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், நன்றாகத்தானே எரிகிறது என்பதுபோல் என்னைப் பார்த்தார். பகலிலும் எரிய வேண்டும் என்பது இங்கே சட்டமாம். ஊரோடு ஒத்து வாழ் என்று சிறுவயதில் மனப்பாடம் செய்தது அன்றைக்குத்தான் உறைத்தது.

இரண்டே வருஷம் என்று சொல்லித்தான் மாலதியை அழைத்து வந்தேன். என் மனைவி அப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்; அந்த வேலை பிறகு கைவிட்டுப் போனது. இரண்டு வருஷத்துக்கு எதற்கு என்று எதையுமே நாங்கள் நல்லதாக வாங்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன அலமாரி, ஏற்கனவே பத்து வயதான ஒரு கார். காரை வாங்கிய வாரமே கறுப்பு ஸ்டிக்கரை வட்டமாக வெட்டி இரண்டு ஹெட்லைட்டிலும் நடுவில் ஒட்டினேன். எதிரே வருகிறவருக்குக் கண் கூசக்கூடாது என்று ஊரில் அப்படித்தான் செய்வோம்; ஒட்டாத வண்டியைப் போலீஸ்காரரே நிறுத்தி ஒட்டி அனுப்புவார். இங்கே யாரும் ஒட்டுவதில்லை என்று பிறகுதான் கவனித்தேன். கவனித்த பின்னும் உரிக்க மனம் வரவில்லை. இரண்டு வருஷம் பதின்மூன்று ஆயிற்று. மகள் இங்கேயே பள்ளி முடித்து, கல்லூரிக்குக் கோயம்புத்தூர் போய்விட்டாள். அவள் போனதும் மாலதி ஒன்றே ஒன்று கேட்டாள். வருகிற சித்திரையில் என் வேலை பெர்மிட் முடிகிறது. புதுப்பிக்காமல் இருவரும் ஊருக்குத் திரும்ப வேண்டும். சரி என்றேன். அன்றைக்கே அலமாரி மேலிருந்த பெரிய பெட்டியைத் துடைத்து வைத்தாள்.

போன வாரம், சிம்பாங் அம்பாட்டில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையிலிருந்து பாலம் தாண்டி வருகிறேன். அந்தி மழை. ஹெட்லைட் கண்ணாடி இத்தனை வருஷ வெயிலில் மஞ்சளாகி மங்கிப்போய், வெளிச்சம் பம்பரைத் தாண்டுவேனா என்றது. குடையோடு சாலையைக் கடந்த ஒரு சீனப் பாட்டியை ஒரு முழ தூரத்தில்தான் பார்த்தேன். பிரேக் பிடித்தது. அந்த அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை, குடையைச் சாய்த்துக்கொண்டு போய்விட்டார். நான்தான் வீடு வரும்வரை இருபதைத் தாண்டாமல் ஓட்டினேன்.

சனிக்கிழமை மாலதியும் நானும் பட்டறைக்குப் போனோம். சரவணன் பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், கைசுத்தமான மெக்கானிக். விளக்கைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னா அண்ணே, லைட்டுக்குத் திருஷ்டிப் பொட்டா?"

கண் கூசாமலிருக்க ஒட்டியது என்று விளக்கினேன். ஒரு சாமி விஷயத்தை நான் வெளியே சொல்லக் கூச்சப்படுகிறேன் என்று அவராக முடிவு செய்துகொண்டார்.

"பரவால்ல லா அண்ணே, எங்க அம்மாவும் காடிக்கு எலுமிச்சம்பழம் கட்டும். சரி, கேளுங்க. பொலிஷ் அடிச்சா ஆறு மாசம் தாங்கும், அப்புறம் திரும்ப மஞ்ச ஆயிடும். இல்லன்னா முழு லேம்ப்பும் மாத்திடலாம். உள்ளுக்கு லென்ஸ் வெச்சது. வெளிச்சம் ரோட்டுலதான் விழும், எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்காது. பொட்டு தேவையில்ல. நீங்க இந்தக் காடிய எவ்ளோ நாளு வெச்சிருக்கப் போறீங்க?"

"ஆறேழு வருஷமாவது ஓட்டணும் தம்பி."

யோசிக்காமல் வந்த பதில். பசிக்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்பதுபோல வந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாலதி கைப்பையின் ஜிப்பை மூடினாள். சரவணன் "அப்ப புதுசுதான்" என்று ஸ்பேனரை எடுத்தார். நான் திருத்திச் சொல்லியிருக்கலாம். ஐந்து மாதந்தான் தம்பி, பொலிஷ் போதும் என்று ஒரு வரி. சொல்லவில்லை. புது விளக்கை மாட்டி, சுவரில் டேப் ஒட்டி, வெளிச்சம் அந்தக் கோட்டுக்கு மேலே ஏறாமல் ஸ்க்ரூவைத் திருகித் திருகிச் சரிசெய்ததை அத்தனை அக்கறையாக நின்று பார்த்தேன், மாலதியின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கக்கூடாது என்பதற்காக.

பழைய விளக்குகளை மாலதி கேட்டு வாங்கிக்கொண்டாள். திரும்பும்போது ஒன்றை மடியில் வைத்து நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினாள்.

"சும்மா பேச்சுக்குச் சொன்னேன், மாலதி."

"அவர்கிட்ட சும்மா பேச உங்களுக்கு என்ன இருக்கு? சும்மா பேசினதெல்லாம் எங்கிட்டதான்."

ஸ்டிக்கர் உரிந்து வந்தது. அதற்கு அடியில் வெயில் படாத இடம். மஞ்சளுக்கு நடுவில் ஒரு வட்டம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அவள் அதன் வழியாகத் தன் விரலைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் விளக்கை இருக்கையில் வைத்துவிட்டு மேலே போய்விட்டாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, என்மேல் அதைவிட வந்தது. அலுத்தும் போயிருந்தது. ஊருக்குப் போனால் ஐம்பது வயதில் யாரிடம் வேலை கேட்டு நிற்பது என்ற பயத்தை இத்தனை வருஷம் 'அடுத்த வருஷம்' என்ற பெயரில் அவளிடம் கொடுத்து வந்திருக்கிறேன். அவளும் அதை நம்பிப் பத்திரமாக வைத்திருந்தாள்.

திங்கள் விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டாள். பெட்டி தரையில் திறந்து கிடந்தது. உள்ளே அவளுடைய துணிகள் மட்டும், மடிப்பு கலையாமல்.

"சித்திரைக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கே."

"உங்களுக்கு ஆறேழு வருஷம் இருக்கு. எனக்கு அஞ்சு மாசந்தான்" என்றாள். குரலில் சண்டை இல்லை. சாப்பாட்டு டப்பாவை என் கையில் கொடுத்தாள்.

காரை எடுத்தேன். புது விளக்கில் சாலை வெள்ளையாகத் தெரிந்தது, குப்பைத்தொட்டியோரப் பூனைகூடத் தெரிந்தது. பாலம் ஏறும்போது பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். மாலதி உட்காரும் இடத்தில் பழைய விளக்கு கிடந்தது. மங்கிய மஞ்சளுக்கு நடுவில் அந்த வட்டம் மட்டும், நாங்கள் வந்த புதிதில் இருந்தபடியே.