தூசிக்கு ஆதாரம்

என் தங்கை வீட்டுக்காரரைப் போல ஒரு சுத்தக்காரரைப் பார்த்திருக்கவே முடியாது. பெயிண்டுக்குப் போகிற வெள்ளைக் கல்லை மாவாக்கும் ஆலையில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே அரவை இயந்திரத்தின் அடியில் நிற்கிறவர். வேலை முடிந்ததும் மற்றவர்கள் சட்டையை உதறிக்கொண்டு ஓடுவார்கள். இவர் இருந்து கூட்டுவார். ஆலையில் அவருக்குத் 'துடைப்பம்' என்றே பெயர்.

இருமல் வந்து, மாடிப்படியில் பாதியிலேயே உட்கார ஆரம்பித்தார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் தழும்பேறிக் கிடக்கிறது, இனி தூசியில் நிற்கக் கூடாது என்றார். ஆலை வாசலில் காவல் வேலை ஒன்று காலியாக இருந்தது. அதற்கு மாற்றிவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் மூச்சை இழுத்துப் பிடித்திருப்பார். நாங்கள் கேட்டது அவ்வளவுதான்.

மானேஜர் இங்கிலீஷில் பதில் அனுப்பினார். சொன்னதை 'சப்ஸ்டான்ஷியேட்' செய்ய வேண்டுமாம்.

"அப்படின்னா என்னண்ணா?" என்றாள் தங்கை.

நான் வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பவன். தினமும் விரலில் படுகிற வார்த்தை அது.

"வாயால சொன்னா பத்தாது. தொட்டுப் பார்க்கிற மாதிரி ஏதாவது காட்டணும்."

"அதான் படம் இருக்கே."

"நெஞ்சு கெட்டுப்போச்சுன்னுதான் படம் காட்டும். எதனால கெட்டதுன்னு காட்டாது."

அந்த வார்த்தையின் குணமே அப்படி. குற்றச்சாட்டு, கோரிக்கை, புகார் என்று எதற்குப் பின்னாலும் வந்து நிற்கும். சொன்னவன் தலையில்தான் சுமையை ஏற்றும். இல்லை என்கிறவன் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அதை அடிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விடவில்லை. மனு மேல் மனு போட்டு, தூசியை அளக்க ஓர் அதிகாரியை வரவழைத்தேன். அந்த ஆலைக்குள் போனவன் தும்மாமல் திரும்பியதில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அதிகாரி வரும் நாளன்று மாப்பிள்ளை எல்லோருக்கும் முன்னாலேயே ஆலைக்குப் போயிருக்கிறார். தரையைக் கழுவி, ஒட்டடை அடித்து, இயந்திரத்தின் தூசிப் பையை உதறி மாட்டி, கல் குவியல் மேல் குடம் குடமாகத் தண்ணீரும் ஊற்றியிருக்கிறார். நனைந்த கல்லை அரைத்தால் புழுதி எங்கே எழும்? அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதிகாரி போய்விட்டார்.

"உங்களுக்குப் புத்தி இருக்கா மாப்பிள்ளை? சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டீங்களே."

"வெளியாளு வர்றாரு மச்சான். என் இடத்தைப் பார்த்து அவர் மூஞ்சியைச் சுளிச்சா எனக்கு அசிங்கமில்லையா?"

அடிக்கவா முடியும்? இருமிக்கொண்டிருந்தார்.

வாசல் வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். தங்கை மட்டும் நம்பிக்கையை விடாமல் மறுபடி டாக்டரிடம் போய்வந்தாள். முகம் பேயறைந்தது போலிருந்தது.

"நெஞ்சுக்குள்ள இருக்கிறது அந்தக் கல்லுத் தூசிதானான்னு சந்தேகமில்லாம காட்ட ஒரு வழி இருக்காம்ணா."

"என்ன வழி?"

"நுரையீரலை அறுத்தெடுத்துப் பார்க்கணுமாம். இந்த மூச்சை வெச்சுக்கிட்டு இப்போ கத்தி வெச்சா தாங்க மாட்டாராம். செத்த பிறகு வேணா பார்க்கலாமாம்."

மாப்பிள்ளை மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்தார்.

"நேரமாச்சு, வர்றேன்," என்றார்.